நூறு கிலோவும் நீல ஸ்டாக்கிங்ஸும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஆபீஸுக்கு முன் ஜிம். டெட்லிஃப்ட், தொண்ணூறு கிலோ. தரையிலிருந்து தூக்கும்போது கம்பி இரண்டு காலையும் உரசிக்கொண்டே வந்தது. முட்டிக்குக் கீழே, முன் எலும்பின் மேல் பழைய பொருக்கு பிய்ந்து ரத்தம். கம்பியைத் துடைத்து வைத்தேன்.

சாயங்காலம் குழாயடி. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு கை நீட்டுறாரா? எங்கிட்ட சொல்லு."

ஜிம்மில் கம்பி பட்டது என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் எதனா சொல்லுவாங்க."

மாமாவிடம் சொன்னேன். கொசுவை அடிக்கவே யோசிக்கிற புருஷன். முகம் சுண்டிவிட்டது. பாவம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

மாமா பரணில் ஏறினார். கல்யாணத்துக்கு முன் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஃபுட்பால் ஆடியவர். நீல ஸ்டாக்கிங்ஸ், உள்ளே செருகும் கால் பேடு, இரண்டும் கைக்கு வந்தன. ஒரே தூசி. "இத போட்டுக்கோ. லாரி மோதுனாலும் ஒண்ணும் ஆவாது."

ஜூலை 10, வியாழன்

பேடு போட்டுத் தூக்கினேன். கம்பி பேடில் இடித்து முன்னால் போனது. முதுகில் ஒரு இழுப்பு. ஜிம் மாஸ்டர் ஒரே கத்தல்.

"இன்னாம்மா இது, ஃபுட்பால் ஆட வந்தியா? போட்டியில பேடு வுட மாட்டாங்க. ஸ்டாக்கிங்ஸ் போதும். கம்பிய பாதத்துக்கு நடுவுல வை. மொதல்லயே கால்ல சாய்க்காத. பயந்துக்கினு தள்ளியும் புடிக்காத."

போன போட்டியில் நூறு கிலோ கைவிட்டுப் போனது அந்தப் பயத்தில்தான். காலில் படுமே என்று கம்பியை விலக்கினேன், அசையவேயில்லை. ஞாயிறு சிதம்பரத்தில் மறுபடி அதே நூறு. வேண்டும். கட்டாயம் வேண்டும்.

ஜூலை 12, சனி

மாமா தனியாகத் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் வந்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை.

பையில்: ஸ்டாக்கிங்ஸ் (துவைத்தாயிற்று), பெல்ட், பவுடர், வாழைப்பழம், பிளாஸ்திரி.

ஜூலை 13, ஞாயிறு

சிதம்பரம். கல்யாண மண்டபத்தில் போட்டி. ஃபேன் இருந்தும் வியர்வை.

முதல் இரண்டு வாய்ப்பும் சுலபம். மூன்றாவது, நூறு. பாதத்துக்கு நடுவில் கம்பி. குனிந்து பிடித்தேன். ஸ்டாக்கிங்ஸை உரசிக்கொண்டே ஏறியது. உரசட்டும் என்று விட்டேன். முட்டியைத் தாண்டியது. நிமிர்ந்தேன்!

மூன்று நடுவரும் வெள்ளை விளக்கு. தூக்கியது செல்லும். மாமா நாற்காலி மேல் நின்று, "அதான் என் பொண்டாட்டி!" மண்டபமே திரும்பிப் பார்த்தது.

ஸ்டாக்கிங்ஸைக் கழற்றிப் பார்த்தேன். புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். நான் தூக்கிவிட்டால் மொட்டை போடுவதாக வேண்டுதலாம். தினமும் கண்ணாடி முன் நின்று சீவிச் சீவிப் பார்க்கும் அந்தச் சுருட்டை முடியை! பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 14, திங்கள்

இருவருக்கும் லீவு. திருவந்திபுரத்தில் மொட்டை. மழிக்கிறவரிடமும் மாமாவின் நூறு கிலோ கதை. தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் உச்சியில் கத்தி பட்டுவிட்டது. என் காலுக்கு வாங்கிய பிளாஸ்திரி அவர் தலைக்கு.

வீடு திரும்பினால் வாசலில் மேரி அக்கா. என் கழுத்தில் நேற்றைய போட்டி மெடல். அதைப் பார்த்தார், மாமாவின் தலையைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப நீ கை நீட்ட ஆரம்பிச்சிட்டியா?"