பென்சன் எடுத்த கிருமி

நானா,

கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் இன்றைக்கு ரப்பர் குமிழ்கள் இருந்தன. பிப்பெட் எனும் கண்ணாடிக் குழாயின் தலையில் செருகி அமுக்கிவிட்டால் அதுவே நீரை உறிஞ்சிவிடும். வாய் வைக்கத் தேவையில்லை. புது ரப்பரின் மணம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் முழுவதும் பரவியது. மற்றவர்கள் ஆளுக்கொன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கைக்குள் அடங்குகிற இந்தச் சாமான் நீங்கள் இருந்தபோது வந்திருக்கக் கூடாதா?

நீங்கள் கிண்ணியாவிலிருந்து படகில் துறையைக் கடந்து வருவீர்கள். நான் சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து வேலை செய்தோம்; உங்கள் ஊர்க்காரர் அண்ணனை அழைப்பதுபோல உங்களை நானா என்றேன். வாயால் உறிஞ்சுவதுதான் அப்போது எல்லாருக்கும் வழக்கம். பிப்பெட்டின் மேல்நுனியில் அடைத்த பஞ்சு மட்டுமே காவல். நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டு சோதனைக்காக ஒரு பழைய கிருமியை வளர்த்து வந்தோமே, அதை மாதாமாதம் ஒரு குழாயிலிருந்து மற்றதற்கு மாற்றுவோம். நாம் வேலைக்குச் சேர முன்பே அது அங்கே இருந்தது. பஞ்சைத் தாண்டி எத்தனையோ தடவை உங்கள் வாய்க்குள் போயும் அது உங்களை ஒன்றும் செய்ததில்லை.

"இவர் பென்சன் எடுத்தவர் தங்கச்சி. வீட்டோட இருக்கிறார், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல" என்பீர்கள்.

அந்தப் பென்சன்காரர்தான் பிறகு சோதனையைக் கெடுத்தார். காய்ச்சல்காரரின் இரத்தநீரைச் சேர்த்தால்தான் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள வேண்டும். இவரோ வெறும் உப்புநீரிலேயே திரளத் தொடங்கினார். அப்படிப் பார்த்தால் ஊரில் எல்லாருக்கும் நெருப்புக்காய்ச்சல் என்றுதான் எழுத வேண்டிவரும். கொழும்பிலிருந்து வேறு கிருமி வருவதாக இல்லை. இலங்கைத்துறையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு மீனவரின் இரத்தத்தில் முளைத்த புதுக் கிருமி நம்மிடம் இருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம்.

சோதனைக்காக அதை அவித்துக் கொல்ல முன்பு, கிருமி கலந்த நீரின் கலங்கலை அளவாக்க வேண்டும். நீங்கள் வழக்கம்போல உறிஞ்சினீர்கள், அது பஞ்சைத் தாண்டியது. துப்பினீர்கள், வாயைக் கொப்பளித்தீர்கள். டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"என்னத்துக்கு? பத்து வருசமா என்ட வாய்க்குள்ள போய் வந்தவன்ட மருமகன்தானே இவன்" என்றீர்கள்.

"மருமகன் பென்சன் எடுக்கல்ல நானா" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

உங்களிலும் முழுப் பிழை சொல்ல ஏலாது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே சிறு கோல்கள். இரண்டும் ஒரே சர்க்கரையைப் புளிக்க வைத்தன. பெயரும் ஒன்றுதான். ஒன்று பழகிவிட்டதால் மற்றதும் பழகியது என்று நினைத்தீர்கள்.

பிறகு நீங்கள் வேலைக்கு வரவில்லை. மலேரியா என்று சொல்லியனுப்பினீர்கள். அந்த நாட்களில் தம்பலகாமத்திலிருந்து கிண்ணியா வரைக்கும் யாருக்குக் காய்ச்சல் காய்ந்தாலும் மலேரியாதான்; நானும் நம்பிவிட்டேன். வீட்டிலேயே படுத்து மலேரியாக் குளிசை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுவந்தபோது வயிறு பலகையாக இறுகியிருந்தது. உங்கள் இரத்தத்தை வாங்கிப் போத்தலில் விட்டு வளர்த்தது நான்தான். மறுநாள் பார்த்தபோது அதே கோல்கள் முளைத்திருந்தன. முடிவைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்கு ஓடினேன். அதற்குள் உங்களை அறுவைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடலில் ஓட்டை விழுந்திருந்தது. நீங்கள் கண் விழிக்கவேயில்லை.

படகேறிக் கிண்ணியாவுக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கிருமியோட வேலை செய்யிற மனிசனுக்கு இது என்ன காய்ச்சலெண்டு தெரியாதா, பிள்ளை?" தெரிந்திருந்ததுதான் உங்களைக் கெடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

காரணத்தைப் பிறகு வாசித்து அறிந்தேன். இந்தக் கிருமிக்கு வெளியே ஓர் உறை உண்டு. அதைப் போர்த்துக்கொண்டுதான் நம் இரத்தத்தில் தப்பிப் பிழைக்கிறது. அந்த உறையைப் பின்னும் பரம்பரையலகில், அதாவது மரபணுவில், எப்போதாவது ஒரு சிறு பிழை விழும். அப்படிப் பிழைபட்டு உறையில்லாமல் பிறந்தது மனித உடம்புக்குள் உடனே செத்துவிடும். குழாய்க்குள் அதை எதிர்க்க யாருமில்லை; உறை பின்னுகிற செலவும் இல்லாமல் அதுதான் செழித்துப் பெருகும். வருஷக்கணக்கில் குழாய்விட்டுக் குழாய் மாற்றினால் கடைசியில் உறையில்லாதவைதான் மிஞ்சும். தானாகத் திரள்வது அதற்கு அடையாளம். நோயாளியின் இரத்தத்திலிருந்து வருகிற கிருமியோ உடம்போடு சண்டை பிடித்து வென்று வந்தது. பென்சன்காரர் நம் கண்முன்னே திரண்டு திரண்டு இதைத்தான் சொல்லியிருக்கிறார். அவரைப் பழுது என்று ஒதுக்கினோமே தவிர, புதிதாய் வந்தவனுக்குப் பயப்பட வேண்டும் என்று விளங்கிக்கொள்ளவில்லை.

உங்கள் இரத்தத்தில் முளைத்ததை நான் கொட்டவில்லை, நானா. உங்கள் உடம்பிலிருந்து உயிரோடு வெளியே வந்தது அது ஒன்றுதான். இத்தனை வருஷமும் மாதாமாதம் புதுக் குழாய்க்கு மாற்றி வருகிறேன். பைத்தியம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

இன்றைக்குப் புதுக் குமிழை அமுக்கி உப்புநீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, உங்கள் கிருமியில் ஒரு துளி கலந்தேன். பிப்பெட்டைத் தூக்கியபோது என் வாய் தானாகக் குவிந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கலங்கல் மெல்லத் திரிதிரியாகச் சேர்ந்தது. இரத்தநீர் எதுவும் நான் விடவில்லை. தானாகவே திரண்டது.

உங்களைக் கொன்ற கிருமியும் பென்சன் எடுத்துவிட்டது. இனி அது ஒரு பிள்ளையைக்கூட ஒன்றும் செய்யாது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் போனதற்கு அதைத் திட்டிக்கொண்டாவது இருந்தேன், இப்போது திட்டுவதற்கும் ஆளில்லை. அவித்துக் கொட்டிவிடலாம் என்று குழாயை எடுத்தேன். மனம் வரவில்லை. இன்னொரு குழாய்க்கு மாற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அது சாதுவென்று தெரிந்தும், சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.