உங்களுக்காகப் போட்ட சிவப்பு இருக்கை

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்துக் கழிப்பறைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் வந்த யாரோ எலுமிச்சை ஏர் ஃபிரெஷ்னரை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வாசனை எனக்கு ஏன் ஆகாது என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீங்களோ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

மறதி நோய் முற்றத் தொடங்கியபோது நம் பண்டமாரான் வீட்டில் நீங்கள் கழிப்பறையைத் தேடி அலைவீர்கள். கதவைத் திறந்து காட்டினாலும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். பூந்தொட்டியில் போவீர்கள், குப்பைக்கூடையில் போவீர்கள். ஒருநாள் உங்கள் பக்கத்தில் நின்று நீங்கள் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான். எது எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

ஹார்ட்வேர் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் இருக்கை வாங்கி வந்து பீங்கான்மேல் மாட்டினேன். கட்டிலில் இருந்தே தெரியட்டும் என்று கதவைக் கழற்றினேன். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று நினைத்துத் தயங்கினீர்கள். அதைத் தூக்கிப் போட்டேன். கண்ணாடியில் தெரிந்த ஆளோடு சண்டை பிடித்தீர்கள்; அதன்மேல் பாத்தேக் துணியைத் தொங்கவிட்டேன். மறுநாள் நீங்களாகவே போய் உட்கார்ந்தீர்கள்.

“நல்லா இருக்கே, கம்பெனில புதுசா போட்டிருக்கானா?” என்றீர்கள். துறைமுகத்தில் லோரி ஓட்டிய காலத்திலேயே இருந்தீர்கள்.

பிறகு நம் மகனுக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டார் காஜாங்கிலிருந்து வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று நான் கிள்ளானுக்குப் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் அவன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். பழைய வெள்ளை இருக்கை, மூடிய கதவு, புதிதாக ஒரு கறுப்பு மிதியடி. கண்ணாடித் துணியையும் காணோம்.

“ஏன்டா இப்படிப் பண்ணுன? அப்பா எப்படிப் போவாரு?”

“கொஞ்ச நேரந்தானம்மா. வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குலா.”

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எழுந்தீர்கள். மூடிய கதவுவரை போய், மிதியடியைப் பார்த்து நின்று, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கால்வழியே ஈரம் தரைக்கு இறங்கியது. பெண்ணின் அப்பா உடனே எழுந்தார். “பரவாயில்லக்கா, மொதல்ல அண்ணனுக்குத் துணி மாத்துங்க” என்றார்.

நம் மகன் உள்ளே ஓடினான். துவாலையோடு வருவான் என்று நினைத்தேன். ஏர் ஃபிரெஷ்னரோடு வந்தான். நாற்காலியைச் சுற்றி அடித்தான். பிறகு உங்கள் கைலியில், மடியில் அடித்தான், கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பதுபோல. நீங்கள் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

உங்களைத் துடைத்த எந்த நாளிலும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. அன்று வந்தது, நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து. மாலையே எல்லாவற்றையும் நீங்கள் பழகியபடி மாற்றிவைத்தேன். கல்யாணமும் நடந்தது. அருவருப்பு மட்டும் போகவில்லை.

இன்று அந்த மண்டபத்துக்குப் போனது அவன் பேச்சைக் கேட்கத்தான். மறதி நோய் உள்ளவர்களுக்காக நாமே வீட்டை எப்படி மாற்றலாம் என்று பேச அவனை அழைத்திருந்தார்கள். திரையில் நம் கழிப்பறை, அந்தச் சிவப்பு இருக்கை.

“எங்க அப்பாவுக்காக நான் செஞ்சது” என்றான். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “கண்ணாடிய ஏன் மூடணும் தம்பி?”

“அது… ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றான்.

நான் எழுந்து நின்றேன். “எங்க வீட்டுக்காரருக்குத் தன் முகமே மறந்துபோச்சு. யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டான்னு பயப்படுவாரு. துணி போட்டது நான். சீட் மாட்டுனதும் நான். இவன் அதையெல்லாம் கழட்டிப் போட்டவன்.”

பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அவன் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தான். “எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கிட்டீங்களேம்மா.” இப்போதும் அவன் மானம்தான் அவனுக்கு. கையை உதறிவிட்டுக் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

ரயிலில் அவன் திரும்பத் திரும்ப அழைத்தான். நான் எடுக்கவில்லை. அன்று விருந்தினர் போன பிறகு உங்களைக் குளிப்பாட்டியது நினைவுக்கு வந்தது. வெந்நீர் ஊற்ற ஊற்ற உங்கள் நடுக்கம் குறைந்தது.

“அந்தப் பையன் யாரு?” என்று கேட்டீர்கள்.

“நம்ம பையன்தாங்க.”

நீங்கள் நம்பவில்லை. “ரொம்பப் பயந்துபோயிருக்கான், பாவம். சாப்பிட்டானான்னு கேளு” என்றீர்கள்.

சாப்பிட்டாயா என்று அவனிடம் நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப்போன வேலை அது ஒன்றுதான். என் வாய் இன்னும் திறக்க மறுக்கிறது.