பேசுற கம்பி, கேக்குற கம்பி

நவம்பர் 10, திங்கள்

விடிஞ்சதிலிருந்து மழை. கடலூர் பஸ்ஸில் மூடாத ஜன்னல் பக்கம் ஒரு சீட்டு எப்பவும் காலியா இருக்கும். அது எனக்குன்னே விட்டு வச்சது. இடது தோள் பூரா ஈரம்.

லேபுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தாச்சு. பழசு போன வார இடியில் போனது. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குது. அதில் என் முகம் தெரிஞ்சது, அவ்வளவு பளபளப்பு தேவையில்லை.

ஸ்பெக்ட்ரோ மெஷினோட சி.டி.யை எடுத்துக்கிட்டுப் போய் நின்னேன். சி.டி. போட ஓட்டை இல்லை. முன்னாடி தேடினேன், பின்னாடி தேடினேன், கவுத்துப் பாத்தேன். "அண்ணே, இப்ப வர்றதுல எதுலயுமே அது கெடையாது"ன்னு ஜெசிந்தா. லேபில் கெமிஸ்ட்டு அவுங்க, நான் அசிஸ்டென்ட். அதாவது பாட்டில் கழுவுறவன், மெஷினை ஓட்டுறவன், ஓனர் கத்தினா கேக்குறவன்.

இந்த மெஷின்தான் எறால் பண்ணைத் தண்ணியில் அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவுன்னு சொல்றது. தனியா அதுக்குத் திரை கிடையாது. எது சொல்லணும்னாலும் கம்ப்யூட்டர் வழியாத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் இல்லேன்னா ஊமை.

ஓனர்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். ஓடலன்னா காயலாங்கடைக்குப் போட்டுருவோம். தண்ணிய பாண்டிக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணிக்கலாம். நீங்களும் பொண்ணு வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்க."

நேத்து சுகன்யாவும் அதையேதான் சொன்னா, ஓசூரிலிருந்து. "தனியா அங்க என்னாப்பா பண்ற? இங்க வந்துடு." மெஷின் போச்சுன்னா வர்றேன், ஓடுச்சுன்னா இங்கதான்னு பந்தயம் மாதிரி சொல்லி வச்சிட்டேன். வாய்.

பழைய கம்ப்யூட்டரை இழுத்தப்ப பின்னாடி மெஷினுக்குப் போற ஒன்பது ஊசி கேபிளை எலி கடிச்சு வச்சிருக்குது. புதுசு வாங்க மஞ்சக்குப்பம் போனேன். கடைப் பையன் "நேரா, கிராஸா?"ன்னான். கிராஸ்னா ஏதோ குறுக்கு வேலைன்னு பட்டுது. "நேரானதே குடுப்பா, நமக்கு எதுக்கு குறுக்கு வழி"ன்னேன். நேர்மையான ஆளுன்னு நெனச்சிருப்பான்.

ராத்திரி ஒரு ஆழாக்கு அரிசி. மிச்சம். என் வீட்டுக்காரி விஜயா இருந்தவரைக்கும் அளவு அவளோடது. எனக்கு இன்னும் கை பழகலை.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல்.

சி.டி.யில் இருந்ததை அன்வர் நேத்தே பென் டிரைவில் ஏத்திக் குடுத்துட்டான். எங்க ஊர் மேல வீதிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான். நானும் அவனும் பிளஸ் டூவில் ஒரே பெஞ்சு, ஒரே மார்க்கு, ஒரே ஃபெயில். அப்புறம் எழுதி நான் பாஸ். அவன் எழுதவே இல்லை, கடை வச்சான். யார் கெட்டிக்காரன்னு இன்னும் முடிவாகலை.

பென் டிரைவைச் செருகி அமுக்கினேன். "இந்த ஆப் உங்க பி.சி.யில் ஓடாது"ன்னு வந்துது. ஏன், என்னான்னு ஒரு வார்த்தை கிடையாது. பொண்ணு பாத்துட்டுப் போய் லெட்டர் போடுவாங்களே, அந்த மாதிரி.

அன்வருக்கு போன். "பழைய சாஃப்ட்வேர் மச்சான், புது விண்டோஸ் சேத்துக்காது. பொட்டிய தூக்கிட்டு வா."

தூக்கிட்டு வந்தேன். பாலித்தீன் கவர், அதுக்கு மேல என் லேப் கோட்டு, அதுக்கு மேல குடை. பஸ்ஸில் மடியில் வச்சுக்கிட்டேன். கண்டக்டர், "குழந்தைக்கு எத்தனை வயசு? அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" பஸ்ஸே சிரிச்சுது. நானும்தான். ஆலப்பாக்கம் தாண்டி யோசிச்சேன்: பேரனை மடியில் இவ்வளவு நேரம் வச்சிருந்ததில்லை.

இறங்கின இடத்தில் கேஸ் சிலிண்டர் போடுற முருகையன். "என்னா சார், ஊர்ல இல்லையா? சிலிண்டரே புக் பண்ண மாட்டேங்கிறீங்க." இருக்கேன்யா, இங்கதான் இருக்கேன்னேன். நம்பலை. ஒரு ஆளு காபி போட எவ்வளவு கேஸ் ஆகும்?

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

கம்ப்யூட்டர் அன்வர் கடையில். லேபில் வேலை கிடையாது. எல்லா பாட்டிலையும் கழுவினேன். கழுவினதையும் கழுவினேன்.

கிள்ளையிலிருந்து பண்ணைக்காரர் ஒருத்தர் கேன்ல தண்ணியோட வந்து நின்னார். மெஷின் ரிப்பேர்னு சொன்னதும், "நீங்க கம்ப்யூட்டர் சரி பண்ற வரைக்கும் எறா உசுரோட காத்துக்கிட்டு இருக்குமா?" ஜெசிந்தா கையால டெஸ்ட் பண்ணி ஒரு உத்தேசம் சொன்னாங்க. "உத்தேசம் எங்கிட்டயே இருக்குதும்மா, அதுக்கா பஸ் ஏறி வந்தேன்"னுட்டுப் போனார். நியாயம்தான்.

சாயங்காலம் அன்வர் கடை. புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்ன ஜன்னல், அந்த ஜன்னலுக்குள்ள பழைய விண்டோஸ். அதே பச்சைப் புல்லு, நீல வானம். "உள்ள இருக்கிறதுக்கு வெளிய காலம் மாறினது தெரியாது மச்சான். அது பாட்டுக்கு ஓடும்." எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்னேன். "தெரியும், சட்டையப் பாத்தாலே தெரியுது"ன்னான்.

புது கம்ப்யூட்டரில் அந்த ஒன்பது ஊசி கேபிள் சொருகவும் இடம் இல்லை. அதுக்கு ஒரு குட்டி வயர், ஒரு பக்கம் பென் டிரைவ் மாதிரி, மறுபக்கம் ஒன்பது ஊசி. காசு வேணாம்னுட்டான்.

சுகன்யா போன். எப்பவும் போல. நான் "சாப்ட்டியா"ங்கிறேன், அதே நேரம் அவ "சாப்ட்டியா"ங்கிறா. நான் கம்ப்யூட்டர் கதை சொல்றேன், அவ பால்காரன் கதை சொல்றா. நடுவில் பேரன் குட்டியோட அழுகை. மாப்பிள்ளை கம்பெனி வேலையா புனே போயி ரெண்டு மாசம் ஆகுது, சித்திரையிலதான் வருவாராம். "நீ அங்க தனியா இருக்கிறது எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா." எனக்கு என்னா, ஜம்முனு இருக்கேன்னேன். வச்சதும் டி.வி.யைப் போட்டேன். பாக்க இல்லை. வீட்டுல ஆளு இருக்கிற மாதிரி ஒரு சத்தத்துக்கு.

நவம்பர் 13, வியாழன்

பொட்டியோட மறுபடி கடலூர். அதே கண்டக்டர். "குழந்தைக்கு ஊசி போட்டாச்சா?"

கேபிள், குட்டி வயர், எல்லாம் மாட்டியாச்சு. சின்ன ஜன்னலுக்குள்ள சாஃப்ட்வேர் திறந்துது! அதே சாம்பல் கலர். ஜெசிந்தா கை தட்டினாங்க. "கனெக்ட்" அமுக்கினேன். மணல் கடிகாரம் சுத்துது, சுத்துது. "இன்ஸ்ட்ருமென்ட் பதில் சொல்லவில்லை."

மறுபடி. பதில் சொல்லவில்லை.

மெஷினை அணைச்சுப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். ரெண்டையும் அணைச்சு, டீ குடிச்சிட்டு வந்து போட்டேன். டீ நல்லா இருந்துது.

அன்வர் போனில்: "எத்தனாவது போர்ட்டுல இருக்குது பாரு." ஏழு. "அதான். பழைய சாஃப்ட்வேர் ஒண்ணாம் நம்பர் வாசல்ல நின்னு கூப்பிடுது, உன் வயரு ஏழாம் வாசல்ல நிக்குது." எங்க அமுக்கணும்னு சொல்லிச் சொல்லி மாத்த வச்சான். நான் ரெண்டு தடவை தப்பா அமுக்கி, கீபோர்டு வேலை செய்யாமப் போயி, திரும்ப வந்துது.

கனெக்ட். பதில் சொல்லவில்லை.

ஓனர் எட்டிப் பாத்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை." தெரியும் சார்.

வீட்டுக்கு வந்து ஒரு யோசனை. இதுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுறேன்? ஓடலன்னா ஓசூர். பேரன், சூடா சோறு, பேச ஆளு. யாராவது கேட்டா சிரிப்பாங்க. ஆனா பொண்ணு வீட்டுல மூலையில உக்காந்து பேப்பர் படிக்கிற கெழவனா என்னை நெனச்சுப் பாக்க முடியலை. அவ பாவம்னு கூப்பிடுறா. பாவத்துக்குப் போயி எப்படி நிக்கிறது? இங்க லேபில் ஒரு மெஷினாவது எனக்காகக் காத்திருக்கும். அது பதில் சொல்லாதது வேற விஷயம்.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல மழை. குடைக்கம்பி ஒண்ணு போச்சு.

காலையிலேயே அன்வர் போன். "ராத்திரி யோசிச்சேன் மச்சான். கேபிள் கிராஸ் தானே வாங்கின?"

நேர்னேன்.

சிரிச்சான் பாருங்க. கடையில் இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அப்புறம் சொன்னான்: "அதுல ஒரு கம்பி பேசுறதுக்கு, ஒரு கம்பி கேக்குறதுக்கு. இந்தப் பக்கம் பேசுற கம்பி, அந்தப் பக்கம் கேக்குற கம்பியில போய் சேரணும். அதுக்குத்தான் உள்ள குறுக்க மாத்திக் கட்டியிருப்பான். உன் கேபிள்ல பேசுறதும் பேசுறதும் முட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு பேரும் பேசுறாங்க, கேக்க ஆளில்லை."

மஞ்சக்குப்பம் ஓடினேன். கடைப் பையன் கேபிளை மாத்திக் குடுத்துட்டு, "அன்னிக்கே கேட்டேனேண்ணே." கேட்டே தம்பி, கேட்டே.

மாட்டி, கனெக்ட். மணல் கடிகாரம். உள்ள டக்குனு ஒரு சத்தம், அப்புறம் விர்ர்ருன்னு சக்கரம் திரும்புற சத்தம். அந்தச் சத்தம் இத்தனை நாளா காதுல இல்லைங்கிறதே அப்பத்தான் தெரிஞ்சுது. திரையில் நம்பர் ஓடுது. ஜெசிந்தா, "அண்ணே! அண்ணே!" ஓனர், "பரவால்லையே." அவர் வாயில அதுதான் பொன்னாடை.

கிள்ளைக்காரருக்கு போன் பண்ணித் தண்ணி கொண்டாரச் சொல்லியாச்சு.

பஸ்ஸில் வரும்போதே சுகன்யாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டு, "பாப்பா, ஓடுச்சு! ஜெயிச்சுட்டேன்!"னேன். கேபிள் கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பேசுற கம்பியும் பேசுற கம்பியும்னு சொல்ல வந்தவன், அப்படியே நிறுத்திட்டேன். சரி, ஒரு தடவை சும்மா இருந்து பாப்போம்னு.

அவளும் பேசலை. குட்டி ஏதோ சத்தம் போடுது. ஃபேன் சுத்துற சத்தம். அப்புறம், "அப்ப வரமாட்ட."

நான் பேசலை.

"சந்தோஷம்ப்பா."

அதுக்கும் பேசலை. மூக்கை உறிஞ்சுற சத்தம். "நீ தனியா இருக்க, தனியா இருக்கன்னு சும்மா சொன்னேன்ப்பா. எனக்குத்தான் இங்க பேச ஆளில்ல. நாலாவது மாடி. பக்கத்து வீட்டுல கன்னடம். காலையிலேந்து இவன்கிட்டயே பேசிட்டிருக்கேன், இவன் ங்காங்கிறான். அவுரு போன் பண்றதுக்குள்ள தூங்கிடுறேன். நீ வந்து சும்மா உக்காந்திருந்தாகூட போதும்னு பாத்தேன். உன்கிட்ட எப்படிக் கேக்குறது?"

ரெண்டு மாசமா இதைத்தான் சொல்லியிருக்கா. எனக்குப் பால்காரன் கதைன்னு கேட்டிருக்குது.

என்னா சொன்னேன்னு ஞாபகமில்லை. அழாத பாப்பான்னு மட்டும் சொன்னேன்.

நவம்பர் 15, சனி

மழை விட்டுது. ரோடெல்லாம் தண்ணி.

ஜெசிந்தாவை உக்கார வச்சு எல்லாம் காட்டினேன். முதல்ல மெஷினைப் போடணும், அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் சின்ன ஜன்னல். போர்ட்டு நம்பர் மாறியிருந்தா எங்க பாக்குறது. எலிக்கு மருந்து. அவுங்க ஒரே தடவையில் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அஞ்சு நாளு. கிள்ளைக்காரர் தண்ணியை அவுங்களே ஓட்டினாங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லை. நல்லதுதான். கொஞ்சம் வலிக்கவும் செஞ்சுது.

ஓனர்கிட்ட சித்திரை வரைக்கும் லீவு கேட்டேன். சம்பளம் இல்லாமத்தான்.

"என்னாங்க இது, மெஷின்தான் ஓடுதே?"

"ஓடுதே, அதான் சார்."

அவருக்குப் புரியலை. சரின்னார்.

கட்ட வேண்டியது: வேட்டி ரெண்டு, ஸ்வெட்டர் (ஓசூர்ல குளுருமாம்), பிரஷர் மாத்திரை, சுகன்யாவுக்குப் பண்ருட்டி முந்திரி, குட்டிக்கு ஏதாவது. அன்வர்கிட்ட வீட்டுச் சாவி. அந்த நேர் கேபிளைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிட்டான், இல்லேன்னா ஞாபகார்த்தமா வச்சிருப்பேன்.

முருகையன்கிட்ட சொல்லணும், நான் ஊர்ல இல்லைன்னு.