ராகலைக்கு ஏற்றிய கடல்

1999 பெப்ரவரி 5, வெள்ளி
கடும் பனி. லொறிக் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றித்தான் துடைத்தேன். ஞாயிறு கொழும்புக்கு லோட். லீக்ஸ், கோவா, கொஞ்சம் கரட். பின் டயர் ஒன்று மாற்ற வேண்டும்.

மகள் கோகிலா பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் விஞ்ஞானக் கண்காட்சி. ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். மற்றவர்கள் எரிமலை, காற்றாடி. இவள் கடல் மீன் தொட்டி. இந்தக் குளிரில்!

"டீச்சர் என்னா சொன்னாங்க?"

"அன்னைக்கு மீனு உசிரோட இருந்தாத்தான் உள்ள வைப்பாங்களாம். செத்துப்போச்சுன்னா எனக்கு எடமில்லப்பா."

தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கியபடி என் மனைவி லெட்சுமி: "கடல் மீனுன்னா நமக்குக் கருவாடுதான்டி தெரியும்." சிரித்தோம். கோ. சிரிக்கவில்லை. தாளை நீட்டினாள்:

கண்ணாடித் தொட்டி (நுவரெலியா, படத்துக்குக் கண்ணாடி போடும் கடை)
பவள மணல்
காற்று மோட்டார், வடிகட்டி
ஹீட்டர்
உப்பு அளக்கும் குழாய்
கடல் தண்ணீர் – அப்பா

கடைசி வரியைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். கடலுக்கு என்னை விட்டால் இந்த ராகலையில் யார்?

பெப். 8, திங்கள்
மரக்கறி இறக்கியாயிற்று. கொழும்பில் வேர்வை. மீன் கடைக்காரர் ஹீட்டர் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கொழும்புல தண்ணியக் குளிராக்கத்தான் ஆள் வரும். நீங்க சூடாக்கக் கேக்குறீங்களே!" அலமாரிக்குப் பின்னாலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்தார். வாளியில் போட்டு, சூடாவதைக் கையால் பார்த்த பிறகே வாங்கினேன். என்னை ஏமாற்ற முடியாது.

தண்ணீர் முகத்துவாரத்தில் பிடித்தேன். போகும் போதெல்லாம் கற்பூரம் கொளுத்தும் கோயிலடி. இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது? டீசல் கேன் வேண்டாமென்று கோ. கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேக்கரியில் வினாகிரி வந்த கேன்களைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். என் லொறியின் கிளீனர் நடேசனுக்கு வயது ஐம்பது. வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, "முருகா" என்று சொல்லிச் சொல்லி நிரப்பினான்.

பெப். 10, புதன்
கோபம். கோ. ஒவ்வொரு கேனையும் முகர்ந்து பார்த்தாள். சரி. பிறகு அந்தக் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டாள். உப்பு போதுமென்றால் அது கோடு தெரிய மிதக்குமாம். இது கழுத்துவரை முங்கிப்போயிற்று.

"உப்பு பாதிகூட இல்லப்பா. மீனு தாங்காது."

"கோயில் தண்ணியக் கொற சொல்றியா நீ?"

"கோயிலச் சொல்லலீங்கப்பா. அந்த எடத்துல ஆறு வந்து கலக்குது."

முகத்துவாரம் என்று பெயரிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் போய்வந்தும் நான் யோசிக்கவில்லை. சாப்பிடாமல் படுத்தேன். லெட்சுமி அந்தத் தண்ணீரைத் தீர்த்தமென்று வீட்டில் தெளித்து, மீதியை எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டாள். எல்லாருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர.

பெப். 15, திங்கள்
கல்கிசைக் கடற்கரை. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை, மழையும் இல்லை. மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். நடேசன் இடுப்பளவு தண்ணீரில். அவன் மேல் கட்டிய கயிற்றின் மறுநுனி என் கையில். அலை தள்ளிவிட்டதும், "அண்ணே, என் பொஞ்சாதிக்குச் சொல்லிருங்க!" என்று ஒரே கத்தல். எழுந்து பார்த்தால் முழங்காலளவு தண்ணீர்.

திரும்பி வரும்போது செக் பொயின்ட். கேனைத் தட்டி ஆமிக்காரன், "மொனவத மே?" இதெல்லாம் என்ன என்கிறான். கடல் தண்ணீர் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான். சண்டை நடக்கிற நேரத்தில் ஒரு தமிழன், லொறி, ஆறு கேன். மலைக்கு எதற்குக் கடல் தண்ணீர்? மகள், பள்ளிக்கூடம், மீன் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. மூடியில் ஊற்றிக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். இன்னொரு மூடி. அதையும் குடித்தேன். பயம் இல்லை என்று எழுதினால் பொய். மூன்றாவது மூடியை அவனே வாயில் வைத்தான். தூவென்று துப்பிவிட்டுச் சிரித்தான். "யன்ன, யன்ன." போகச் சொல்லிவிட்டான்.

பெப். 16, செவ்வாய்
குழாய் மிதந்தது! கோட்டிலேயே நின்றது! கோ. என் கையைப் பிடித்துக் குதித்தாள். வயிறு இன்னும் சரியில்லை, பரவாயில்லை.

தண்ணீர் மாற்ற வசதியாக நான் ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வைத்திருந்தேன். பளபளவென்று அருமையான சாமான். பித்தளை உப்பில் கரைந்தால் மீனுக்கு விஷமாம், வேண்டாம் என்றாள். அதட்டாமல் குழாயைத் திரும்ப லொறியில் போட்டுவிட்டேன். சொல்கிறவளுக்கு விஷயம் தெரிகிறது. என் மகளா கொக்கா?

மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் பக்குவப்பட, மீன் இல்லாமல் மூன்று வாரம் ஓட வேண்டுமாம். வெறும் தண்ணீரைப் பார்க்க லயமே வந்து போகிறது.

மார்ச் 8, திங்கள்
இரண்டு மீன். செம்மஞ்சள், வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்கிறார்கள், எனக்குப் பொலிஸ்காரன் பெல்ட் மாதிரி தெரிகிறது. கொழும்பிலிருந்து மீன் பை நடேசன் மடியில், என் ஸ்வெட்டர் சுற்றி. வளைவுகளில் நான் இவ்வளவு மெதுவாகப் போனதே இல்லை. பின்னால் வந்த பஸ்காரன் என் பரம்பரையையே இழுத்தான். திட்டட்டும்.

மார்ச் 10, புதன்
மத்தியானம் காற்று. மரம் விழுந்து கரண்ட் போயிற்று. ஹீட்டர் இல்லை, மோட்டார் இல்லை. நாளை மறுநாள் கண்காட்சி. கோ. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து தண்ணீரில் கை வைத்தாள். அழுகை வந்துவிட்டது.

லோட் மூடும் லொறிப் படங்கை உருவிக்கொண்டு வந்து தொட்டியைச் சுற்றினேன். அதற்கு மேல் சாக்கு, கம்பளி. அழுதுகொண்டே அவள்தான் வழி சொன்னாள்: போத்தலில் சுடுதண்ணீர் அடைத்து உள்ளே இறக்கணும், கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றணும், அப்போதுதான் காற்று கலக்கும். போத்தல் வேண்டுமென்று லெட்சுமி வாசலில் நின்று ஒரு சத்தம். லயத்துக் காம்பரா ஒவ்வொன்றிலிருந்தும் சாராயப் போத்தல் வந்து குவிந்தது. குடிப்பதே இல்லை என்று சத்தியம் பண்ணுகிற ஆள்கள் வீட்டிலிருந்துதான் கூடுதல்!

மாறி மாறி ஊற்றினோம். என் தோள் கழன்றுவிட்டது. பொழுது சாயும் நேரம் கரண்ட் வந்தது. மீன் இரண்டும் மூலையில், ஆனால் செவுள் ஆடுகிறது. லயமே கை தட்டியது.

மார்ச் 12, வெள்ளி
தொட்டியைப் பாதித் தண்ணீரோடு லொறியில் ஏற்றி, கோ. பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். மீன் உயிரோடு. உயிரோடு!

எரிமலைப் பக்கம் ஆளே இல்லை. கூட்டம் முழுக்க எங்கள் தொட்டியடியில். கோ. குழாயைத் தூக்கிக் காட்டி, ஆற்றுத் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும், பித்தளை ஏன் ஆகாது, ஹீட்டர் ஏன் என்று தமிழிலும் சிங்களத்திலும் பிளந்து கட்டினாள். யாழ்ப்பாணத்து டீச்சர் என்னிடம் வந்து, "பாருங்கோ, பிள்ளை எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறா" என்றார். சட்டை நுனியால் தொட்டிக் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தேன். முதல் பரிசு அவளுக்குத்தான்.

பரிசு கொடுத்த கல்விக் கந்தோர் அதிகாரி ஐயா சிரித்துக்கொண்டே கேட்டார்: "கடலப் பத்தி இவ்வளவு தெரியுதே, நீங்க எந்தக் கடற்கரைக்குப் போவீங்க, மகள்?"

"நான் இன்னும் கடலப் பார்த்ததில்லீங்க சார்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. வாரா வாரம் போகிறேன். கேன் கேனாகக் கொண்டுவந்தேன். இவளை ஏற்றிக்கொண்டு போகத் தோன்றவில்லையே எனக்கு.

மார்ச் 14, ஞாயிறு
வெயில். லீக்ஸ், பீட்ரூட். லோட் கட்டியாயிற்று. லயத்துச் சனம் மீனுக்குக் காவல்.

முன் சீட்டில் கோகிலா, பக்கத்தில் அவள் அம்மா. நடேசன் பின்னால் மூட்டை மேலே, முணுமுணுத்துக்கொண்டு. "கடல் சத்தம் போடுமாமேப்பா, எப்படிப்பா இருக்கும்?" என்று காலையிலிருந்து கேட்கிறாள். நான் சொல்ல மாட்டேன். ஹோர்ன் அடிக்கிறாள், போக வேண்டும்.