இடது கை வில்

ஏப்ரல் 17, 2025

மீன்பிடித் தடை தொடங்கி மூன்றாம் நாள். காசிமேட்டில் படகெல்லாம் சும்மா கட்டிக் கிடக்கிறது. மனுசனுக்கு வாய் மட்டும் கட்டிக் கிடப்பதில்லை.

பொன்ராஜ் என் மச்சான். என் மனைவி மங்கையின் தம்பி. படகு அவனுடையது, சுக்கான் பதினெட்டு வருடமாக என் கையில். இன்றைக்கு வலை தைக்கிற பத்துப் பேர் நடுவில் சொல்கிறான்: “மாமா, போன மாசம் வலது பக்கம் நின்னுகினு இருந்த படக ஒரசிட்ட. கண்ணு டாக்டராண்ட சீட்டு வாங்கினு வா. அப்பால சுக்கானத் தொடு.”

எனக்கா சீட்டு? பத்து மைல் கடலுக்குள் நின்று எண்ணூர் மின் நிலையச் சிம்னியில் சிவப்பு விளக்கு எத்தனை என்று எண்ணிச் சொன்னவன் நான். அதையே சொன்னேன். சிரித்தார்கள்.

திருவொற்றியூர் மைதானத்துச் சுவரில் வில்வித்தைப் பயிற்சி என்று காலையில் நோட்டீஸ் பார்த்த ஞாபகம். வாயில் வந்துவிட்டது. “சீட்டெல்லாம் தர முடியாது. தடை முடியறதுக்குள்ள மூணு அம்பு வுடுறேன். மூணும் மஞ்ச வட்டத்துல குத்தும். குத்திச்சுன்னா வாய மூடிகினு சுக்கானக் குடு.” பொன்ராஜ் கையடித்துக் கொடுத்தான்.

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். தீபாவளியிலிருந்து வலது கண்ணில் ஈரப் பாலித்தீன் ஒட்டினது போல இருக்கிறது. மங்கைக்கும் தெரியாது.

ஏப்ரல் 22

மைதானத்தில் சொல்லிக் கொடுப்பது மகிமா என்று ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு ராயபுரத்தில் ஹார்டுவேர் கடை. ஆணி, கயிறு விற்கிற கடையிலேயே ஒரு அலமாரி நிறைய வில்.

இருப்பதில் பெரியதை எடு என்றேன். இழுக்க நாற்பது பவுண்டு பலம் கேட்கிற வில் ஒன்று மாட்டியிருந்தது. ஒற்றை ஆளாகச் சுறாவை இழுத்துப் போட்ட கதையைச் சொன்னேன். (கூட நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் சும்மா கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.)

“சுறாவ இழுத்தா இழுத்ததோட முடிஞ்சிரும் அண்ணாச்சி. இதை இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்லா.”

இருபது பவுண்டு வில்லைக் கொடுத்தாள். பத்து எண்ணுவதற்குள் தோள் ஆடியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதனால் அதையே வாங்கினேன். அம்பு கையைவிட நீளமாகவே இருக்க வேண்டுமாம், குட்டை என்றால் இழுக்கும்போது பின்னால் வந்து கையிலேயே குத்துமாம். விரலுக்கு ஒரு தோல் துண்டு. முன்கைக்கு ஒரு பட்டை. பட்டை பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 23

நாண் அடித்து முன்கை நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. சொறிமுட்டை, அதான் ஜெல்லி மீன், பட்டது என்று மங்கையிடம் சொன்னேன். தடைக்காலத்தில் ஏதுய்யா சொறிமுட்டை என்றாள். பட்டை வாங்கிவிட்டேன்.

மே 3

அம்பெல்லாம் இடது பக்கம் போகிறது. தெற்குக் காற்று.

மே 9

இன்றைக்குக் காற்றே இல்லை. மொத்த அம்பும் இடது பக்கம். மகிமா வந்து, இரண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு ஓட்டை வைத்து அதற்குள் குறிப் பலகையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். “இப்ப இடது கண்ண மூடுங்க.”

மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வேலை இருக்கிறது என்று கிளம்பினேன். பின்னாலேயே வந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க இடது கண்ணால பாக்கிய. வலது கையால இழுக்கிய. அதான் அம்பு ஒதுங்குது. வில்ல கைக்குப் பாத்து வாங்கக் கூடாது, கண்ணுக்குப் பாத்து வாங்கணும். இடது கை வில் ஒண்ணு கடையில கெடக்கு.”

அவளுக்கு வில். எனக்கு அது ஊருக்கெல்லாம் ஒட்டுகிற நோட்டீஸ். இத்தனை வருடமாக வலது கையால் வலை இழுக்கிறவன் திடீரென்று இடது கைக்கு மாறினால் ஏன் என்று கேட்க மாட்டானா பொன்ராஜ்?

மே 14

இடது பக்கம் ஒதுங்குகிறது என்றால் வலது பக்கம் பார்த்து விட்டால் சரியாகிவிடும். என் சொந்தக் கண்டுபிடிப்பு. முதல் அம்பு பலகையில். இரண்டாவது மதில் தாண்டிப் போய் இளநீர் வண்டியில் ஒரு காயில் குத்தி நின்றது. காய்க்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகிமா என் வில்லைக் கழற்றிப் பையில் வைத்தாள். “அங்க ஒரு பிள்ள நின்னிருந்தா? இடது கை வில்லோட வாங்க. இல்லன்னா வராதீங்க.”

இவ யாரு என்ன வராதன்றதுக்கு? நான் பாக்காத கடலா, நான் பாக்காத புயலா. போ. இன்னாத்துக்கு எனக்கு வில்லு.

மே 19

ஐந்து நாள் போகவில்லை. இன்றைக்குப் படகில் வலை இழுக்கிற வின்ச்சுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்க வின்ச் மாட்டிக்கொண்டால் இடது பக்கம் மாற்றி இழுக்கிறோம். வலையை விட்டுவிட்டா வருகிறோம்? படகுக்கு இல்லாத வெட்கம் படகு ஓட்டுகிறவனுக்கு எதற்கு?

சாயந்திரமே கடைக்குப் போனேன். வலது கை அதிக பலம், வில் முறிந்துவிடும், அதனால் இடது கை வில் கொடு என்றேன். “சரிங்க அண்ணாச்சி” என்றாள். பதினாறு பவுண்டு. நல்ல பெண்.

மே 28

இடது கை பால் குடிக்கிற குழந்தை மாதிரி. ஆனால் பத்தில் ஆறு பலகையில்.

ஜூன் 8

பொன்ராஜ் படகு ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். முதல் அம்பு மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவது கோட்டின் மேல். வெளியே என்று ஒருத்தன் கத்தினான். மகிமா குனிந்து பார்த்து, “கோட்டத் தொட்டா உள்ளதான் கணக்கு. சட்டமே அப்படித்தான்” என்றாள். அந்தச் சட்டத்தை எழுதியவன் நன்றாக இருக்கட்டும்.

ஆட்கள் விசிலடித்தார்கள். பொன்ராஜ் அடிக்கவில்லை. கிட்ட வந்து மெதுவாகக் கேட்டான்.

“மாமா, எந்தக் கண்ண மூடுன?”

பத்து கதை தயாராக வைத்திருந்தேன்.

“ஒதவாதத.”

பாக்கெட்டிலிருந்து படகு சாவியை எடுத்து நீட்டினான். “பந்தயம்னா பந்தயம். நீ ஜெயிச்சிட்ட.”

ஆறு பேர் உயிரைச் சுமக்கிற சாவி. திரும்ப அவன் சட்டைப் பையிலேயே போட்டேன்.

“ஜெயிச்சது நான். சுக்கான எப்போ புடிக்கணும்னு நான் சொல்றேன். நீயா சொல்லாத.”

மங்கையிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். தெரியும் என்றாள். குழம்பு எப்போதும் என் வலது கைப்பக்கம்தான் சிந்துகிறதாம்.

ஜூன் 27

கண்புரை. எடுத்துவிட்டார்கள். கருப்புக் கண்ணாடி, நாலு வேளை சொட்டு மருந்து. பொன்ராஜ் சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறான், வேறு ஆள் போடவில்லை.

மகிமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். கண் தெளிந்துவிட்டதே, வில்லை வலது கைக்கு மாற்றித் தரட்டுமா என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். இந்தக் கை இப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறது. எட்டாவதோடு நிறுத்த நான் விடமாட்டேன்.

பொழுது சாய்ந்ததும் பொன்ராஜ் போன். படகு திரும்பி வந்துகொண்டிருக்கிறது, பின்னால் எஞ்சின் சத்தம். “மாமா, எண்ணூர் சிம்னி தெரியுது. உங்க வூட்டு மாடிலேர்ந்து பாரு. எத்தினி வெளக்கு?”

மாடிக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். பாலித்தீன் இல்லை, பளிச்சென்று நான்கு.

வாய் சும்மா இருக்குமா? ஆறு என்று சொன்னேன்.