சல்லிசுக் காலத்தில் இரண்டு அடுப்பு

அன்புள்ள அத்தைக்கு,

சண்டை போட ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடக்கும் உங்கள் மூத்த மருமகள் எழுதுகிறேன். கல்லறைத் திருநாளன்று ராயபுரமே மழையில் மிதந்தது. உங்கள் தலைமாட்டில் ஏற்றிய மெழுகுத்திரி நிற்கவே இல்லை. ஆற அமரப் பேச முடியாமல் போனதால் சேதியெல்லாம் இதில் சொல்கிறேன்.

முதல் சேதியைக் கேட்டால் எழுந்தே வந்துவிடுவீர்கள். அரிசி சல்லிசாகிவிட்டது! ஜெர்மன் சண்டைக் காலத்தில் தலைதட்டி அளந்துவிட்டு நம்மை முறைப்பாரே அரிசிக்கடைக்காரர், இப்போது படியில் கோபுரம் கட்டி அளக்கிறார். “இன்னும் கொஞ்சம் போடட்டா தங்கச்சி?” என்று கொஞ்சல் வேறு. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் கையைப் பிடித்து இழுக்காத குறை. இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நீங்கள் முதல் பூசைக்கும், அதையே வாங்கிக் கட்டிக்கொண்டு நான் அடுத்த பூசைக்கும் போனோமே, நினைவிருக்கிறதா?

“அரிசி விக்கிற வெலைக்கு ரெண்டு அடுப்பு இன்னாத்துக்குடி?” என்று அப்போதுதான் இரண்டு மகன்களையும் ஒரே உலையில் சேர்த்தீர்கள். கொழுந்தனாருக்கு வேலையில்லாத நேரம். துறைமுகத்தில் கரி இறக்கிய என் வீட்டுக்காரர் கூலியில்தான் அத்தனை பேரும் சாப்பிட்டோம். அதற்காக என்னை மெச்சினீர்களா? குழம்பில் உப்பு என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு விலை இறங்கியது. கொழுந்தனாருக்கும் ரயில்வேயில் மாதச் சம்பளம் வந்தது. அவர் மனைவி லூர்து அடுத்த வாசலில் தனி அடுப்பு வைத்தாள். அவளுக்கும் ஆசை இருக்காதா? ஆனால் துறைமுகத்துக்கு வரும் கப்பல் குறைந்துபோனது. எல்லாம் சல்லிசு, வாங்கத்தான் கையில் கூலி இல்லை. இது என்ன கூத்து, அத்தை?

“ஹார்பர்லயே துன்னுட்டேன், புள்ளைங்களுக்குப் போடு” என்பார் உங்கள் மூத்த மகன். சட்டையில் கரித்தூள்கூட ஒட்டியிருக்காது. வேலையே இல்லாத இடத்தில் சோறு யார் போட்டார்கள்? தம்பியிடம் கேளுங்கள் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நேற்று லூர்து நனைந்துகொண்டே பெரிய பானையோடு வந்தாள். “அக்கா, வெறகெல்லாம் ஈரமாப் பூட்ச்சு. இத்த உன் அடுப்புல வெச்சிக்கறேன். எல்லாருக்கும் சேத்தே அரிசி போட்டுகீறேன்” என்றாள். அவள் கட்டிலுக்கடியில் காய்ந்த விறகு அடுக்கியிருப்பது எனக்குத் தெரியாதா? ஆனால் மானத்தைக் காப்பாற்ற ஒருத்தி சாக்கு சொன்னால் நம் தெருவில் மற்றவள் அதை நம்பியாக வேண்டும். “வெய்யி வெய்யி, மழைன்னா அப்டித்தான்” என்றேன்.

அவர் வந்தார். வழக்கம்போல “துன்னுட்டேன்” என்றார். சாப்பிட வந்திருந்த கொழுந்தனார் அவர் கையைப் பிடித்துத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார். “உன் வூட்டு அடுப்புல வெந்த சோறுண்ணா. நீ துன்னாம நான் எப்டி துன்றது?”

என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

மழை ஒருநாள் விட்டுவிடும், அத்தை. பிறகு லூர்துவுக்குச் சாக்கு கிடைக்காது. அதற்குள் அவள் பானை சட்டியையெல்லாம் நானே போய் இங்கே தூக்கி வந்துவிடுகிறேன். அரிசி என்ன விலை விற்றாலும் இனி இந்த வீட்டில் ஒரே உலைதான். இது உங்கள்மேல் சத்தியம்.

லூர்துவுக்கும் சேர்த்து எழுதும்,
உங்கள் மூத்த மருமகள்
ஞானம்மா