என் பல்லும் அவர் ஒயரும்

ஜூன் 9, திங்கள்
ஆட்டோவில் ஓடும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசினேன். எத்தனை முறை பேசினாலும் நடுநடுவே டிக், டிக். என் வீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். "வாய்க்குள்ள என்னடி வச்சிருக்க, பல்லியா?"

மிக்ஸரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் புது டிஜிட்டல் ஒயர் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை. பழைய ஒயரில் வரவில்லையே என்றேன். "பழசு இரைச்சல்ல மறைச்சிடுச்சு. டிஜிட்டல் உள்ளத உள்ளபடி காட்டுது" என்றார். கல்யாணத்திலிருந்து இந்த வாயால்தான் ஸ்டுடியோ ஓடுகிறது.

ஜூன் 12, வியாழன்
வெந்நீர் குடித்தேன், உதட்டில் வெண்ணெய் தடவினேன். டிக்.

ஜூன் 17, செவ்வாய்
முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் லேசாக ஆடும். அதைக் கண்டுபிடித்துவிட்டார். கூட்டிப் போனதில் பல் டாக்டர் பிடுங்க வேண்டாம் என்றுதான் சொன்னார். "புடுங்கிருங்க சார், ஆடித் தள்ளுபடி வருது, வேலை கெடுது" என்றார் இவர். நானும் தலையாட்டித் தொலைத்தேன். ஏன் எழுந்து வரவில்லை?

ஜூன் 23, திங்கள்
வீக்கம் வடிந்ததும் பேசினேன். டிக் அப்படியே இருக்கிறது. இப்போது 'ச' வேறு சறுக்குகிறது.

ஜூன் 30, திங்கள்
"ஆடி முடியட்டும், நீ வூட்டப் பாரு" என்றார். வேப்பந்தட்டையிலிருந்து பூங்குழலி என்றொரு பெண் பேச வருகிறாளாம். பல்லெல்லாம் வரிசையாக இருக்குமாம்.

ஜூலை 3, வியாழன்
அவர் டீக்குப் போயிருந்தார். ரெக்கார்டை ஓடவிட்டு, மைக் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பிறகு கேட்டேன். ஆளில்லாத அறையில் டிக், டிக்.

அழுதேன். பிறகு செல்போனில் தேடிப் பார்த்தேன். மிக்ஸருக்குள் ஒரு கடிகாரம், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு கடிகாரமாம். இரண்டும் தன் நேரமே சரி என்று நின்றால் ஒலி இடறும். ஒன்று மற்றதன் நேரத்துக்கு நடக்க வேண்டும். செட்டிங்கில் பெட்டியை மிக்ஸரின் கடிகாரத்துக்கு மாற்றினேன். டிக் போயே போச்சு.

அவர் வந்ததும் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? யாரு உன்னக் கைவைக்கச் சொன்னா?" பழையபடியே திருப்பி வைத்தார். ஒருதடவ காதுல வாங்கிப் பாத்தாரா? இல்ல. என் பல்லு போனது போனதுதானே!

ஜூலை 5, சனி
உடையார்பாளையம், அம்மா வீடு. ஏன் வந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. சிரித்தபோது பார்த்துவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்
நாளை அரியலூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். 'ச' வராத வார்த்தைகளாகச் சேர்த்து வைத்தேன்: பட்டு, வேட்டி, ஜவுளி. சேலையை என்ன செய்வது?

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். "அக்கா, நான் பூங்குழலி. நான் பேசினா டிக் டிக்னு வருதாம். சார் பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேங்கறாரு. உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சாமே?"

கடிகாரத்தை மாற்றும் இடத்தைச் சொன்னேன். "மாத்திட்டு, யாருமில்லாம ஒரு ரெக்கார்டு போட்டு அவருக்குக் காட்டு" என்றேன்.

"அவரு கேக்கலன்னா?"

"கேக்க மாட்டாரு. பைய எடுத்துக்கிட்டு கெளம்பு. பல்லோட கெளம்பு."